ஓட்டை இல்லாத டயர்

வானொலி நிலையத்தின் நேரலை அறையில் மூன்று பேர் உட்கார்ந்தால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். ஒரு பக்கம் அறிவிப்பாளர். எதிரே வெட்டுக்கிளியும் ஆபரேட்டரும். வெட்டுக்கிளி என்பது, மலைச்சைக்கிள் பந்தயங்களில் ஓட்டிய எட்டு வருடங்களில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். நீளக் கால், ஒல்லி உடம்பு, பாறை பாறையாகத் தாவி இறங்குவாள் என்று யாரோ வைத்தது. ஆபரேட்டருக்குத் தொழிலே பெயராகிவிட்டது. பெரிய மருத்துவமனை ஒன்றின் தொலைபேசி இணைப்பகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். பன்னிரண்டு வயதிலேயே பார்வை முழுவதும் போய்விட்டது. இரண்டு வருடமாக இருவரும் ஒரே சைக்கிளில் ஓட்டுகிறார்கள். முன் இருக்கையில் வெட்டுக்கிளி, ஹேண்டில்பாரும் பிரேக்கும் அவள் கையில். பின் இருக்கையில் ஆபரேட்டர், மிதிப்பது மட்டும் அவள் வேலை. பார்வையற்றோருக்கான இரட்டைச் சைக்கிள் பந்தயத்தின் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்காகத்தான் மதிய நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நேயர்கள் நிறைய பேர் கேக்குற கேள்வி இது," என்றார் அறிவிப்பாளர். "மலைச்சைக்கிள்ல பேர் வாங்கினவங்க ஏன் வேற பந்தயத்துக்கு மாறிடுறாங்க? நீங்க ஏன் மாறினீங்க?"

இதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. இரண்டு பத்திரிகைகளிலும் ஒரு பள்ளி ஆண்டு விழாவிலும் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன பதில். முதலில் மற்றவர்களைப் பற்றிச் சொல்வாள். ஒருவருக்கு முழங்கால் சவ்வு இரண்டு முறை கிழிந்தது, சாலைப் பந்தயத்துக்குப் போய்விட்டார். தோழி ஒருத்தி குழந்தை பிறந்த பிறகு உள்ளரங்க வட்டப்பாதைக்கு மாறினாள். மாதக்கணக்கில் காடு மலை என்று அலைய வேண்டாம், சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடலாம். சிலருக்கு முதுகு, சிலருக்கு வயசு. இன்னும் சிலருக்கு, மலைப் பிரிவில் கிடைக்காத இடம் வேறு பிரிவில் கிடைக்கும் என்ற கணக்கு. மலையில் பழகிய தொடையும் நிதானமும் எங்கே போனாலும் கைகொடுக்கும். இதெல்லாம் உண்மை. அதன் பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு தன் விஷயத்துக்கு வருவாள்.

"எனக்காக நிறைய ஓட்டிட்டேன். இனிமே இன்னொருத்தருக்குக் கண்ணா இருந்து ஓட்டணும்னு தோணுச்சு."

அறிவிப்பாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஆபரேட்டர் வழக்கம்போலத் தலையாட்டினாள். "கண்ணு சரி, வயிறும் அவளோடதுதான். அவளுக்குப் பசிச்சா நானும் சேர்ந்து நிக்கணும்," என்றாள். அறிவிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடு நேயர் அழைப்பு ஒன்றை இணைத்தார்.

"வணக்கம். நான் பஸ் டிப்போ பின்னாடி சைக்கிள் கடை வெச்சிருக்கேன்," என்றது ஓர் ஆண் குரல். "முன்னாடி அவங்க டீம்ல மெக்கானிக்கா இருந்தேன்."

வெட்டுக்கிளியின் கால்விரல்கள் ஷூவுக்குள் சுருண்டன.

"அடடா, பேசுங்க பேசுங்க!"

"நல்லா இருக்கீங்களாம்மா?"

"நல்லா இருக்கேன் அண்ணே."

"பேப்பர்ல உங்களைப் பாத்துக்கிட்டுதான் இருக்கோம், வீட்ல எல்லாரும்." குரல் நின்றது. ஏதோ சரசரத்தது. "ஒண்ணு சொல்லணும்மா. அந்த டயர் விஷயம். மூணு பந்தயம் என் கவனக்குறைவால உங்களுக்குப் போயிடுச்சு. மன்னிச்சிடுங்க."

அந்த நேரத்தில் அவள் எதையாவது சொல்லியிருக்கலாம். இல்லை அண்ணே என்று ஒரு வார்த்தை போதும். அறிவிப்பாளர் கண்களை அகல விரித்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாக்கு அதுவாகவே நல்ல பிள்ளையாகப் பேசியது.

"பரவால்ல அண்ணே. அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்."

"எவ்வளவு பெரிய மனசு!" என்ற அறிவிப்பாளர் ஒரு பொத்தானை அழுத்தினார். எங்கேயோ எப்போதோ யாருக்காகவோ பதிவு செய்து வைத்த கைதட்டல் அறை முழுவதும் கேட்டது.

மலைச்சைக்கிள் ஓட்டிய காலத்தில் அந்தப் பயம் எப்போது வந்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பெரிதாக விழவில்லை, எலும்பு முறியவில்லை. ஒருநாள் காலைப் பயிற்சியில், நூறு தடவை தாவி இறங்கிய ஓர் ஆள் உயரப் பாறைக்கு முன்னால் விரல்கள் அவளைக் கேட்காமலே பிரேக்கை இறுக்கின. சிரித்து மழுப்பிவிட்டு மறுபடி வந்தாள். மறுபடியும் விரல்கள் இறுகின. யாரிடமாவது சொல்லியிருக்கலாம். வெட்டுக்கிளிக்குத் தாவ பயம் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக் கூடத்தில் அம்மா கோப்பைகளை வாரம் ஒருமுறை துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா வங்கி வரிசையில் நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவரிடம் மகளின் பெயரைச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

அடுத்த பந்தயத்தில், அந்த மாதிரிப் பாறை ஒன்றுக்கு நூறு அடி முன்னால், மரங்கள் மறைத்த வளைவில் இறங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முன்னும் பின்னும் ஆளில்லை. வால்வு மூடியைத் திருகி எடுத்து, நகத்தால் நடுத்தண்டை அழுத்தினாள். காற்று சீறி வெளியேறியது. சக்கரம் தொய்ந்ததும் மூடியை மறுபடி திருகி வைத்தாள். அவ்வளவு பதற்றத்திலும் மூடியை வைக்க மறக்கவில்லை என்பதுதான் பின்னாளில் அவளை அதிகம் கூச வைத்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஓரத்து நடைபாதை வழியாக இறங்கினாள். கீழே நின்ற கூட்டம் பரிதாபப்பட்டுக் கை தட்டியது.

அன்று மத்தியானம் மெக்கானிக் அந்த டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, அங்குலம் அங்குலமாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. அவர் டயரைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார், பிறகு மறுபடி முக்கினார். கடைசியில் புது டயர் போட்டார். அடுத்த பந்தயத்தில் அந்தப் புது டயரும் அதேபோல் தொய்ந்தது. அதற்கடுத்ததிலும்.

மூன்றாவது தடவை டீம் மேனேஜர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் டயர் கிடந்தது. "சார், இதுல ஓட்டையே இல்ல," என்றார் மெக்கானிக். "வால்வைத் தொறந்தாதான் காத்து போகும்."

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "நீ வால்வைத் தொட்டியா?"

"இல்ல சார்."

மெக்கானிக் ஒரு தடவை அவளைப் பார்த்தார். அவள் மேஜையைப் பார்த்தாள்.

"உன் தப்பை ஓட்டுற பொண்ணு மேல போடுறியே, வெக்கமா இல்ல உனக்கு?" என்று மேனேஜர் கத்தினார். மெக்கானிக்கைப் பார்த்துத்தான் கேட்டார். அந்த வார்த்தை மட்டும் அன்றிலிருந்து அவளோடு வீட்டுக்கு வந்து, அவளோடு சாப்பிட்டு, அவளோடு படுத்துக்கொண்டது. அவரை நீக்கிவிட்டுப் புதிதாக எடுத்த மெக்கானிக் கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். இனிமேல் டயரைச் சாக்குச் சொல்ல முடியாது. பார்வையற்ற பெண் ஒருத்திக்கு முன் இருக்கை ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு மாதத்துக்குள் விண்ணப்பம் போட்டாள். அந்தப் பந்தயம் தார்ச் சாலையில் நடப்பது. அங்கே பாறை கிடையாது. பத்திரிகைகள் அதைத் தியாகம் என்று எழுதின. அவள் மறுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பயிற்சிக்குக் கிளம்பினார்கள். ஏரிக்கரைச் சாலையில் ஏறி மறுபக்கம் இறங்கும் இருபது கிலோமீட்டர். ஏற்றம் முழுக்க ஆபரேட்டர் வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக மருத்துவமனைக் கதை ஒன்றாவது வரும். இறக்கம் தொடங்குகிற இடத்தில் வெட்டுக்கிளியின் விரல்கள் பிரேக்கைத் தொட்டன.

"நிறுத்து," என்றாள் ஆபரேட்டர்.

சாலையோரத்துக் கல்கட்டையில் உட்கார்ந்தார்கள். ஆபரேட்டர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து அந்த மனுஷன் பேசுறப்ப நீ மூச்சை நிறுத்திட்டே. 'பரவால்ல'ன்னு சொல்ற வரைக்கும் விடவே இல்ல."

"டென்ஷன்கா. நேரலை இல்லியா."

"எனக்கா கதை சொல்றே? ஒரு நாளைக்கு முந்நூறு போன் எடுக்கறேன். யார் அழப்போறாங்க, யார் பொய் சொல்லி லீவு கேக்கறாங்கன்னு ஹலோவுலயே தெரியும்." ஹெல்மெட்டை மடியில் திருப்பி வைத்தாள். "இன்னொண்ணு. அவர் பக்கத்துல ஒரு பொம்பளை நின்னாங்க. 'சொல்லுங்க, சொல்லுங்க'ன்னு கிசுகிசுப்பா கேட்டுச்சு. அவரா பேசல, பேச வெச்சாங்க. அந்த டயர்ல என்ன நடந்துச்சு?"

வெட்டுக்கிளி சொன்னாள். வளைவு, வால்வு, மேஜை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான், பார்வையே இல்லாத ஒருத்திக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பி உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரிந்தது. கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

ஆபரேட்டர் ஹெல்மெட்டின் வாரைக் கோர்ப்பதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"நீ இறக்கத்துக்குப் பயப்படுறது முதல் நாளே எனக்குத் தெரியும். உன் முதுகு இறுகினா சைக்கிள் வழியா எனக்கு வரும். பயந்தா பயந்துட்டுப் போறா, ஜாக்கிரதையா ஓட்டுவான்னு விட்டுட்டேன். அது ஒண்ணும் தப்பில்ல." வாரை விட்டாள். "ஆனா நீ கண்ணு கண்ணுன்னு ஊருக்கெல்லாம் சொல்றப்ப, நான் பக்கத்துல உக்காந்து மண்டையை ஆட்டினேனே. என்னை எதுக்குடி இதுல சேர்த்தே?"

வெட்டுக்கிளி அவள் பக்கம் திரும்பினாள். மெக்கானிக்கை நினைத்து இரண்டு வருடம் கூசியிருக்கிறாள். பக்கத்திலேயே இருந்த இவளை ஒருநாளும் நினைத்ததில்லை.

"அக்கா..."

"பஸ் டிப்போ பின்னாடின்னு சொன்னாரே. வண்டியை எடு."

"இப்பவா?"

"எனக்குப் பத்து மணிக்கு டூட்டி. வழியில அழுதுக்கிட்டு நிக்காம போனா சரியா இருக்கும்."

டிப்போ மதிலை ஒட்டிய சந்தில் மூன்றாவது கடை. வெளியே நாலைந்து சைக்கிள்கள் வயிறு மேலாகக் கவிழ்ந்து கிடந்தன. மெக்கானிக் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். தலைநிமிர்ந்தவர் முதலில் இரட்டைச் சைக்கிளைப் பார்த்தார், அப்புறம்தான் அவளை. துணியில் கையைத் துடைத்து, ஒரு முக்காலியை இழுத்து, ஆபரேட்டரின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு சைக்கிள் பக்கத்தில் குனிந்தார்.

"பின்பக்கச் செயின் தொங்குது," என்றார். "இப்படியே ஓட்டினா ஏத்தத்துல கழண்டுக்கும்."

"அண்ணே, நேத்து ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் ஸ்பானரைத் தேடி எடுத்தார். போல்ட்டைத் தளர்த்தினார்.

"நான் எங்க சொன்னேன்? அவ சொல்ல வெச்சா." கடைக்கு மேலே தலையை உயர்த்திக் காட்டினார். மாடியில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "உங்க பேச்சுன்னா அவளுக்கு உசுரு. ரேடியோல உங்க குரல் வந்ததும் ஓடி வந்து போனை என் கையில திணிச்சா. பாவம் செஞ்சிட்டு மன்னிப்புக் கேக்காம இருக்கறதாலதான் நமக்கு எதுவும் விளங்கலைன்னு அவளுக்கு நெனப்பு."

"அண்ணிகிட்ட நீங்க..."

"வேலை போன அன்னைக்கே சொன்னேன். நான் எதுவும் தப்புப் பண்ணல, அந்தப் பொண்ணுதான் காத்தை எறக்குச்சுன்னு. 'அந்தப் பொண்ணு பொய் சொல்லுமா'ன்னு கேட்டா." போல்ட்டை முறுக்கினார். "அதுக்கு மேல நான் என்னத்தைப் பேசறது."

வெட்டுக்கிளி கூனிக் குறுகி நின்றாள். மதிலுக்கு அப்பால் ஒரு பஸ் பின்னோக்கி நகர்ந்து திரும்பியது, மெக்கானிக் செயினை இழுத்துப் பார்த்தார்.

"மன்னிப்புக் கேட்டதுகூடப் பரவால்ல. கடைக்கு வர்றவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுப் பழகின வாய்தானேன்னு கேட்டுட்டேன். நீங்க 'மறந்துட்டேன்'னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் ரேடியோவைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம்னு வந்துச்சு." மூச்சை விட்டார். "அது அவ தைச்சு சம்பாதிச்சு வாங்கின ரேடியோ."

"நான் மேனேஜர்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்றேன் அண்ணே. பேப்பர்ல வேணும்னாலும்..."

"அந்த டீமே கலைஞ்சு போச்சு. பேப்பர்ல போட்டா அதுக்கும் உங்களைத்தான் புகழுவாங்க, தைரியமா ஒத்துக்கிட்டீங்கன்னு." முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். "படி அந்தப் பக்கம் இருக்கு. மேல போய் அவகிட்ட சொல்லுங்க."

"நீங்களும் வாங்க அண்ணே."

"நான் எதுக்கு? நான் ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிட்டேன்."

முக்காலியிலிருந்த ஆபரேட்டர், "போ," என்றாள்.

படிகள் குறுகல், செங்குத்து. பதினாலு படி. ஏறும்போது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்தே இருந்தது. ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், சுவர் ஓரம் கட்டில். நடுவில் ஒரு நாற்காலி மேல் தைத்து முடித்த யூனிஃபார்ம் சட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. வாசலில் நிழல் விழுந்ததும் மெஷின் நின்றது. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"ஐயோ! நீங்களா? வாங்க வாங்க, உள்ள வாங்க!" எழுந்த வேகத்தில் நூல்கண்டு உருண்டது. "நேத்து ரேடியோ கேட்டேன். 'மறந்துட்டேன்'னு சொன்னீங்களே, நான் அழுதே போயிட்டேன். இவருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே கோவம் வந்துடும். நான்தான் கையைப் பிடிச்சுப் பேச வெச்சேன்." பேசிக்கொண்டே நாற்காலியிலிருந்த சட்டைகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். நாற்காலியை உள்ளங்கையால் துடைத்தாள். "உக்காருங்க."

"நான் நின்னுக்கிட்டே சொல்லிடறேன் அண்ணி. அந்த டயர்ல காத்தை எறக்கினது நான். மூணு தடவையும் நான்தான். அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல."

அந்த அம்மாளின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அது இன்னும் கனிந்ததுபோலக்கூட இருந்தது.

"பாத்தீங்களா, எங்களுக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறீங்க. உங்க மனசு யாருக்கு வரும்? இவர் ஏதாவது சொல்லி அனுப்பினாரா?"

"இல்ல அண்ணி."

"அவர் சொல்லுவார். நீங்க அதையெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க."

வெட்டுக்கிளி, ஒரு வரியில் சொல்லிவிட்டு, அழுதுவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று நினைத்து வந்தவள். இவள் நம்பினால்தானே திட்டுவாள்? நல்ல பெயர் என்று இத்தனை நாள் சேர்த்து வைத்தது இப்போது வாய்க்கு முன்னால் சுவராக நின்றது. வேறு வழியில்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாறையைப் பார்த்ததும் விரல் இறுகியதைச் சொன்னாள். மரங்கள் மறைத்த வளைவைச் சொன்னாள். எப்படி உட்கார்ந்தாள், எந்தக் கையால் மூடியைத் திருகினாள், எந்த நகத்தால் அழுத்தினாள், காற்று எவ்வளவு நேரம் சீறியது, மூடியை மறுபடி எப்படி வைத்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கூட்டம் கை தட்டியபோது உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்ததைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதது அது. ஆபரேட்டரிடம்கூடச் சொல்லவில்லை.

"மேனேஜர் ரூம்ல, 'வால்வைத் தொட்டியா'ன்னு என்னைக் கேட்டாங்க. நான் இல்லன்னு சொன்னேன். அண்ணன் என்னைப் பாத்தார். நான் மேஜையைப் பாத்தேன். மேனேஜர் அவரைப் பாத்து, 'வெக்கமா இல்ல'ன்னு கேட்டார். அதுக்கும் நான் வாயைத் தொறக்கல."

சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். பார்வை வெட்டுக்கிளியைத் தாண்டி வாசலுக்குப் போனது. மெக்கானிக் எப்போதோ மேலே வந்திருந்தார். உள்ளே வரவில்லை. கடைசிப் படியில் ஒரு காலும் வாசலில் ஒரு காலுமாக, கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேத்து உங்க கையைப் பிடிச்சு..." என்று அந்த அம்மாள் ஆரம்பித்தாள்.

அவர் நிமிரவில்லை.

அந்த அம்மாள் கட்டிலுக்குப் போனாள். அள்ளிப் போட்டதில் சட்டைகள் கலைந்திருந்தன. மேலே கிடந்த ஒன்றை எடுத்து உதறினாள். கையை உள்பக்கம் மடித்து, காலரை நீவி, நாற்காலி மேல் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் மடித்து, முன்னதன் மேல் ஓரம் சேர வைத்தாள். யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சட்டையாக நாற்காலி நிறைந்துகொண்டு வந்தது.